பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கிறது, வரைபடத்தில் எங்கே?



நம் மாவட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளை ஒருமுறை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். தென்னமரம் தோட்டத் தமிழ்ப்பள்ளி, கோல்பீல்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, புக்கிட் ஈஜோக் தோட்டத் தமிழ்ப்பள்ளி, கோல சிலாங்கூர் தோட்டத் தமிழ்ப்பள்ளி... 'லாடாங்' என்னும் சொல்லை நம் பிள்ளைகள் நாள்தோறும் சட்டையில் குத்திக்கொண்டு வருகின்றனர். அந்தத் தோட்டத்தின் எல்லை எதுவரை இருந்தது? லயங்கள் எந்தப் பக்கம் நின்றன? பெரட்டுக்களம் எங்கே? முதல் பள்ளிக்கூடம் எந்த மேட்டில் இருந்தது? பிள்ளைகளிடம் கேட்டால் விழிப்பார்கள். அஃது அவர்களின் குற்றமன்று. சொல்லிக்கொடுக்க வேண்டிய பெரியவர்களுக்கே தெரியாத ஒன்றைப் பிள்ளைகள் எங்கிருந்து கற்பார்கள்?

நான் சொல்ல வருவதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம், உலு சிலாங்கூர் ஆகிய வட்டாரங்களின் தோட்டப்புறங்களுக்கு, எவரும் இணையத்தில் திறந்து பார்க்கத்தக்க ஒரு தமிழ் வரைபடத்தை நாமே உருவாக்க வேண்டும். அதனைப் பல்கலைக்கழகம் செய்யட்டும், அரசாங்கம் செய்யட்டும், அரசுசாரா இயக்கம் ஏதாவது செய்யட்டும் என்று காத்திருப்பது, செய்யாமல் விடுவதற்கு நாம் வைத்திருக்கும் நாகரிகமான பெயர். கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். முன்னது அடுத்த ஆண்டும் இருக்கும். பின்னது இருக்குமா?

எவை தெரிகின்றன, எவை தெரியவில்லை?

கோல சிலாங்கூருக்கு வரும் சுற்றுப்பயணி எவற்றைக் காண்கிறார்? மெலாவத்தி குன்றைக் காண்கிறார். 1784இல் டச்சுக்காரர் கைப்பற்றிய கோட்டையின் கதையைப் படிக்கிறார். 1907இல் எழுந்த கலங்கரை விளக்கத்தின் முன்னே படம் எடுத்துக்கொள்கிறார். கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சிகளைப் பார்க்கிறார். பாசீர் பெனாம்பாங்கில் மீன் உணவு உண்டு திரும்புகிறார். இவையெல்லாம் பார்க்கத்தக்கவையே, எவற்றின்மீதும் எனக்குக் காழ்ப்பு இல்லை. ஆனால், அவர் வந்த வழி எது? 2011இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை. ஈஜோக் வட்டாரத்தில் அதன் இருமருங்கிலும் செம்பனை. அந்தச் செம்பனைக்கு முன்பு பால்மரம். அந்தப் பால்மரத்துக்கு முன்பு காடு. காடு அழித்தவர்கள் யார், நிரை பிடித்து மரம் வெட்டியவர்கள் யார், அவர்கள் எங்கே படுத்து எழுந்தார்கள் என்பதற்கு வழிநெடுக ஒரு குறிப்பும் இல்லை.

எடுத்துக்காட்டுக்குத் தென்னமரத்தையே எடுத்துக்கொள்வோம். ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரர் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கிய இடம் அது. பின்னாளில் மலாயா வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. இந்நாட்டின் பொருளாதாரத்தையே தாங்கி நின்ற ஒரு பயிரின் பிறந்த வீடு நம் மாவட்டத்தில் இருக்கிறது. அதன் பெயரோ 'தென்னமரம்'! மலாய்ச் சொல்லும் அன்று, ஆங்கிலச் சொல்லும் அன்று. தென்னைமரம் என்பதன் பச்சைப் பேச்சுத்தமிழ். ரோமன் எழுத்தில் அப்பெயரைப் படிக்கும் பிறர் அதனை ஏதோ ஓர் ஊர்ப்பெயர் என்று கடந்து போகின்றனர். பொருள் தெரிந்த நாமும் கடந்து போகிறோம்! இணைய வரைபடத்தில் அந்தப் புள்ளியைத் தொட்டால் இத்தனை செய்தியும் தமிழில் விரிய வேண்டாவா?

பெயர்கள் மறையும் வேகம்

பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. முதியவர்கள் வாயில் இன்றும் பழைய பெயர்தான். பிள்ளைகள் வாயில் புதிய பெயர். ஒரே வீட்டில் பாட்டியும் பேத்தியும் ஒரே ஊரை இரண்டு பெயரால் சொல்கின்றனர். பாட்டி போன பிறகு?

அதுவும் அரசாணையில் பதிவான பெயர். எங்காவது ஏட்டில் கிடைக்கும். எந்த ஏட்டிலும் ஏறாத பெயர்களைப் பற்றியே என் கவலை. நம் தோட்டத்து மக்கள் தமக்கென்று ஒரு நிலவியலை வைத்திருந்தனர். மைல்கல்லைக் 'கட்டை' என்றனர். ஆறாங்கட்டை, எட்டாங்கட்டை என்று ஊர்களையே அதனால் அழைத்தனர். சாலையைச் 'சடக்கு' என்றனர். மேல் டிவிசன், கீழ் டிவிசன், கங்காணி லயம், கிராணி வீடு, துரை பங்களா, ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, முனியாண்டி மரம், பந்து விளையாடிய திடல் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் ஒரு பெயரும் இருந்தன. நில அளவையாளர் தோட்டத்தின் பெயரையும் துரைமார் எல்லையையும் தம் படத்தில் குறித்தார். தொழிலாளி எந்த இடத்தை எப்படி அழைத்தான் என்பது அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஆகவே அப்பெயர்கள் மனிதர் நினைவில் மட்டுமே உள்ளன. நினைவுக்குக் காப்புப் படி கிடையாது.

பள்ளிகளின் கணக்கைப் பாருங்கள். பத்து சிறார் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதனால்தான் தோட்டந்தோறும் ஓர் ஓலைக்கொட்டகைப் பள்ளியாவது எழுந்தது. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. சில மூடப்பட்டன; சில ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன; சில, பெயரில் தோட்டத்தைச் சுமந்தபடி பட்டணத்துக்கு இடம் மாறின. இடைவெளியில் இருக்கும் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடத்தில் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒருவர் கரும்பலகை முன் நின்று 'அ' எழுதிக் காட்டினார். அந்த இடங்களை இன்று யார் காட்டுவார்?

நம் முன்னோர் எல்லையை எழுதிவைத்தவர்கள்

"வரைபடம் நமக்குப் புதிது, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது" என்பார் சிலர். இடத்தைத் துல்லியமாகச் சொல்லிவைக்கும் பழக்கம் தமிழருக்குப் புதிதன்று. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எழுப்பிய புத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தக் கொடையைக் கூறும் செப்பேடுகள், லெய்டன் செப்பேடுகள் என்று அறிஞர்களால் அழைக்கப்படுகின்றன. அவற்றின் தமிழ்ப் பகுதியில் ஊரின் எல்லைகள் வாய்க்காலும் வயலுமாக விரித்துச் சொல்லப்பட்டுள்ளன. பெண்யானையை நடத்தி எல்லை வகுத்ததைச் சோழர் செப்பேடுகள் 'பிடிசூழ்தல்' என்று குறிக்கின்றன. கடாரம் எது? நம் கெடா. இந்தத் தீபகற்பத்து அரசன் ஒருவன் எழுப்பிய விகாரத்துக்காக ஒரு தமிழ் ஊரின் எல்லை செப்பில் பொறிக்கப்பட்டது. அதே தீபகற்பத்தில் இன்று வாழும் நமக்கு நம் பாட்டி பிறந்த லயம் எங்கே நின்றது என்று சொல்லத் தெரியவில்லை.

கல்வெட்டு ஆய்வாளர் எ. சுப்பராயலு அவர்கள், கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களை இன்றைய ஊர்களோடு பொருத்திச் சோழ நாட்டின் நாட்டுப் பிரிவுகளை வரைபடமாக்கினார். அந்நூல் 1973இல் வந்தது. பிறகு புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்திய வரலாற்று வரைபடத் தொகுப்பைக் கணினியில் காணத்தக்கதாக உருவாக்கியபோதும் அவருடைய உழைப்பு அதில் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊர்களை அவரால் எப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது? பெயர்கள் எழுதப்பட்டிருந்தன, ஊர்களும் பெரும்பாலும் அதே பெயரோடு இருந்தன. நம் தோட்டங்களுக்கு இந்த இரண்டு வாய்ப்புகளும் இல்லை. பெயர்கள் எழுதப்படவில்லை, இடங்களும் மண்வாரி இயந்திரத்தால் சமமாக்கப்படுகின்றன. முப்பது ஆண்டு போதும், சுவடே இராது.

வரைபடம் எதற்கு? மலர் போதாதா?

நூற்றாண்டு விழா மலர்கள் நம்மிடம் உள்ளன. அவற்றில் வாழ்த்துரைகள் உள்ளன. தலைவர்களின் படங்கள் உள்ளன. இடம் இல்லை. "இத்தோட்டத்தில் ஐந்து லயங்கள் இருந்தன" என்று எழுதியிருக்கும். எங்கே என்று இராது.

இணைய வரைபடம் அவ்வாறன்று. அடியில் இன்றைய சாலைகளும் ஆறுகளும். அதன்மேல் ஓர் அடுக்கில் பழைய தோட்ட எல்லைகள். இன்னோர் அடுக்கில் பள்ளிகள். மற்றோர் அடுக்கில் கோயில்களும் இடுகாடுகளும். வேண்டியதை ஏற்றலாம், வேண்டாததை மறைக்கலாம். புள்ளியைத் தொட்டால் பழைய புகைப்படம், இரண்டு வரிக் குறிப்பு, அங்கே வாழ்ந்த பாட்டியின் குரல். ஆண்டைக் குறித்துவைத்தால் 1920இல் எவை இருந்தன, 1960இல் எவை இருந்தன என்று பிரித்தும் காட்டலாம். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938இல் இந்திய அரசாங்கத்தின் தடையோடு நின்றது. 1942-43இல் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்துச் சென்றார்கள் என்று வகுப்பில் சொல்கிறோம். பிள்ளைக்கு அவை வெறும் ஆண்டுகள். "இந்த லயத்திலிருந்து சயாமுக்குப் போனவர்கள் திரும்பவில்லை" என்று ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினால் அதுவே வரலாறாகும். வரலாற்றுப் பாடம் நான்காம் ஆண்டில் தொடங்குகிறது. அதற்குத் துணை இதைவிட என்ன இருக்கிறது?

அந்த வரைபடம் நம்முடையவற்றை மட்டும் காட்டவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. 1915 முதல் 1960 வரை இயங்கிய பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் சீனரும் தமிழரும் சேர்ந்தே உழைத்தனர். 1948 டிசம்பர் 12இல் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக்கொன்ற 24 பேர் சீனத் தோட்டத் தொழிலாளர்கள். பக்கத்து லயத்தின் துயரத்தை விட்டுவிட்டு நம் துயரத்தை மட்டும் குறித்தால் அந்தப் படம் பொய் சொல்லும்.

சொல்லப்படும் காரணங்கள்

இவ்வாறு பேசத் தொடங்கினால் சில பதில்கள் தவறாமல் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "எல்லாம் கூகுளில் இருக்கிறதே!"
இருப்பவை கடைகளும் வீடமைப்புப் பகுதிகளும். இல்லாமற்போன லயத்தை அந்நிறுவனம் ஏன் காட்டப்போகிறது? நாம் அதில் சேர்த்தாலும் அது நம் கையில் நிற்காது. வீட்டுப் பக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டீசை யாகூ 2009இல் மூடியது. ஊர்ப் படங்களை ஏற்றிய பனோரமியோ 2016இல் மூடப்பட்டது. பொதுமக்கள் வரைபடம் திருத்திய கூகுளின் மேப்மேக்கர் 2017இல் முடிந்தது. அதே நிறுவனத்தின் ஃபியூஷன் டேபிள்சை நம்பித் தரவுகளை அடுக்கியவர்கள் 2019இல் வேறிடம் தேடினர். வாடகை வீட்டில் குலதெய்வத்தை நட்டுவைப்பது அறிவுடைமையா?

2. "தோட்டத்தை விட்டு வெளியேறவே பாடுபட்டோம், பிள்ளைகளுக்கு எதற்கு லயத்துக் கதை?"
இந்தப் பதிலை நான் மதிக்கிறேன். விடியுமுன் எழுந்து பால் வெட்டிக் காய்ச்சலோடு வேலைக்குப் போனவர்களுக்கு அந்த நாள்களை மறக்க உரிமை உண்டு. ஆனால் அவர்களின் பேரப்பிள்ளைகள் மறக்கவில்லை. அவர்களுக்கு ஒன்றும் தரப்படவில்லை. மறப்பதற்கும் அறியாதிருப்பதற்கும் வேறுபாடு உண்டு. மேலும் இது வெறும் ஏக்கமும் அன்று. புக்கிட் தாகார், மேரி, மின்யாக், நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடினர். யார், எங்கே, எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பது அத்தகைய போராட்டங்களில் உயிர்நாடியான கேள்வி. அடையாள ஆவணமின்றி அலையும் குடும்பங்களுக்கும், பாட்டன் பிறந்த தோட்டம் எது, அங்கே எந்தப் பள்ளி இருந்தது என்னும் குறிப்பு தேடலின் தொடக்கமாகவேனும் உதவும். செம்பனைக்கு நடுவே புதர் மண்டிக் கிடக்கும் இடுகாடுகளை எண்ணிப் பாருங்கள். அங்கே கிடப்பவர்கள் வெட்கப்படத்தக்க எதையும் செய்யவில்லை.

3. "கோயில்களைக் குறித்தால் வம்பு வரும்."
இஃது உண்மையான அச்சம். 2007 அக்டோபர் 30இல் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் உடைக்கப்பட்டதையும், 2018 நவம்பரில் சீபீல்ட் ஆலய வளாகத்தில் நடந்த கலவரத்தையும் நாம் மறக்கவில்லை. வரைபடம் இருந்திருந்தால் அவை நேர்ந்திரா என்று நான் சொல்லமாட்டேன். நிலப்பட்டா இல்லாத சிறு கோயில்களின் துல்லியமான இடத்தை உலகறியக் காட்டுவது தீமையிலும் முடியலாம். ஆகவே அம்முடிவைக் கோயில் நிர்வாகத்தாரிடமே விட்டுவிட வேண்டும். அவர்கள் வேண்டா என்றால் பொதுப்படத்தில் தோட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, துல்லியமான இடத்தைத் தனிப்பதிவாகக் காக்கலாம். ஒரு வகை இடத்துக்கு எச்சரிக்கை தேவை என்பதற்காக மற்ற எல்லா இடங்களையும் விட்டுவிடுவது எந்த வகை நியாயம்?

4. "ஆசிரியர்களுக்கு நேரம் இல்லை."
நானும் ஆசிரியன். பாரங்களை நிரப்பும் வேலை எத்தகையது என்று எனக்குத் தெரியும். ஆனால் புத்தாக்கப் போட்டிகளுக்கு நமக்கு நேரம் கிடைக்கிறதே! 'மரபு' என்றும் 'எண்மம்' என்றும் தலைப்பிட்டு, ஒரு பலகையில் நான்கு படமும் ஒரு கியூஆர் குறியும் ஒட்டி, மேடையேறிப் பதக்கம் வாங்கி, அதனை முகநூலில் ஏற்றுகிறோம். ஆறு திங்கள் கழித்து அந்தக் குறியை வருடிப் பாருங்கள், எத்தனை திறக்கின்றன? இத்தகைய பலகைகளுக்கு நடுவராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிள்ளைகள் உண்மையாக உழைத்திருப்பார்கள், பாட்டிமாரிடம் கேட்டும் வந்திருப்பார்கள். அந்த உழைப்பைப் பரிசளிப்பு நாளோடு குப்பையில் போடுகிறவர்கள் பெரியவர்கள். பதக்கத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதி போதும், ஒரு தோட்டம் வரைபடத்தில் ஏறிவிடும்.

5. "படித்த வல்லுநர்கள் செய்யவேண்டிய வேலை."
2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடம் தன்னார்வலர்களால் வளர்ந்தது. 2010 ஜனவரியில் எய்ட்டியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் சில நாள்களிலேயே அதன் தலைநகருக்கு விரிவான வரைபடம் உருவாக்கித் தந்தார்கள். மீட்புப் பணியாளர்கள் அதனைப் பயன்படுத்தினார்கள். அந்த மண்ணை மிதித்தறியாதவர்கள் அதைச் செய்தார்கள். நாம் பிறந்து வளர்ந்த மண்ணுக்கு நம்மால் முடியாதா?

எங்கிருந்து தொடங்குவது?

இனி வேலைக்கு வருவோம். நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை. முதலில் வேண்டியது ஓர் அட்டவணை மட்டுமே. அதில் இவ்வளவு கட்டங்கள் போதும்: இடத்தின் பெயர் தமிழில், மக்கள் பேச்சில் வழங்கிய பெயர், மலாய் அல்லது ஆங்கிலப் பெயர், என்ன வகை இடம், அகலக்கோடு, நெடுக்கோடு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, சொன்னவர் யார், எந்த அளவுக்கு உறுதி. கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். 'நேரில் பார்த்தது', 'இருவர் ஒன்றுபோல் சொன்னது', 'ஒருவர் மட்டும் சொன்னது' என்று மூன்று நிலை வைத்தால் போதும். ஐயத்தை ஐயம் என்றே எழுதும் நேர்மைதான் வரைபடத்துக்கு மதிப்பைத் தரும்.

எண்களைப் பற்றி ஒரு சொல். கோல சிலாங்கூர்ப் பட்டணம் ஏறத்தாழ 3.34 வடக்கு, 101.25 கிழக்கு. நம் நாட்டில் ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். ஆகவே புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் மட்டும் எழுதினால் ஒரு கிலோமீட்டர் வரை பிசகலாம். லயம் அடுத்த டிவிசனுக்கே போய்விடும். நான்கு இலக்கம் எழுதினால் பிழை 11 மீட்டருக்குள் அடங்கும். தசமப் பாடம் நடத்த இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று: ஜியோஜேசான் என்னும் கோப்பு வகையில் நெடுக்கோடுதான் முன்னால் வரும். 3, 101 என்று மாற்றி எழுதினால் அகலக்கோடு 101 ஆகிவிடும்; அகலக்கோடு 90ஐத் தாண்டாது. புள்ளி ஊரில் காணப்படவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அட்டவணை ஆயத்தமானதும் யூமேப் போன்ற இலவசத் தளத்தில் ஏற்றலாம். அடுக்குகளும் வண்ணங்களும் அங்கேயே அமைக்கலாம். நிரல் தெரிந்த முன்னாள் மாணவர் கிடைத்தால் லீஃப்லெட் என்னும் திறமூல நிரல்தொகுப்பைக் கொண்டு பள்ளிக்கே உரிய பக்கம் அமைக்கலாம்; உக்ரேனியர் ஒருவர் 2011இல் உலகுக்கு இலவசமாக அளித்தது அது. பழைய நில அளவைப் படம் கிடைத்தால் கியூஜிஸ் என்னும் மென்பொருளில் ஏற்றி, இன்றும் இடம் மாறாத பாலம், சாலைச் சந்திப்பு, ஆறுகள் கூடும் இடம் முதலிய நான்கைந்து புள்ளிகளைப் பொருத்தினால், பழைய படம் இன்றைய படத்தின்மேல் போர்வைபோல் படிந்துகொள்ளும். லயம் நின்ற இடம் அப்போது தானே தெரியும்.

சில ஒழுங்குகளையும் கடைப்பிடிக்க வேண்டும். கூகுள் படத்தைப் பார்த்து நகல் எடுத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றக்கூடாது. அது பதிப்புரிமை மீறல். இன்று தரையில் இருப்பவை மட்டுமே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இடம்பெறும். அங்கே தமிழ்ப் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு, நம் பள்ளிகளுக்கு அதை நிரப்புங்கள். மறைந்துபோன லயங்களுக்கு ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்று தனித் திட்டமே இருக்கிறது. முதியவரின் குரலையும் படத்தையும் அவர் ஒப்புதலோடு மட்டுமே வெளியிடுங்கள். பிள்ளைகளின் பெயர், வீட்டு முகவரி எதுவும் வேண்டா. மூல அட்டவணையைப் பள்ளியில் ஒன்று, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒன்று, முன்னாள் மாணவரிடம் ஒன்று என்று மூன்று இடத்தில் வையுங்கள். தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனால் வரைபடமும் மாற்றலாகிப் போகக்கூடாது!

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதில் ஆசிரியரைவிட உங்களுக்கே பங்கு மிகுதி. தோட்டத்தில் பிறந்த தாய்தந்தையர் உங்கள் வீட்டில்தான் இருக்கின்றனர். அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, பழைய தோட்டத்துப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். செம்பனைக்கு நடுவே எங்கே நிறுத்தச் சொல்கிறார்களோ அங்கே நிறுத்துங்கள். கைப்பேசியை எடுத்து அந்த இடத்தின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே இறங்கவேண்டுமானால் நிர்வாகத்தின் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். பிள்ளையும் உடன் வரட்டும்.

அடுத்த பள்ளி விடுமுறைக்குள் ஒரு பள்ளி ஒரு தோட்டத்தை எடுத்துக்கொண்டு இருபது இடங்களைக் குறிக்கட்டும். பத்துப் பள்ளிகள் முன்வந்தால் இருநூறு இடங்கள். அவற்றை ஒரே வரைபடத்தில் சேர்ப்பது ஒரு மாலை வேலை. விழா வேண்டா, திறப்பாளர் வேண்டா, பொன்னாடை வேண்டா. அட்டவணையின் முதல் வரியில் எதை எழுதுவது என்று தெரியாவிட்டால், உங்கள் பள்ளி முதன்முதலில் நின்ற இடத்தை எழுதுங்கள். அதுவும் தெரியாவிட்டால், தெரிந்தவர் யார் என்று இன்றே விசாரியுங்கள்.